ஏரிக்கு முதுகு காட்டியவர்கள்

1

மலைப்பாதையில் ஒரு வளைவு. இடுப்பளவு உயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்பு. காட்சி முனை என்று எழுதிய ஒரு பலகை. கீழே ஏரி. வருகிறவர்கள் தடுப்பருகே நிற்கிறார்கள். ஒருவர் நகர்ந்ததும் அடுத்தவர் அதே இடத்தில் நின்று, அதே ஏரியை, அதே கோணத்தில் படமெடுத்துக்கொண்டு போகிறார். பிறகு கொஞ்ச தூரம் நடக்கிறார்கள். அடுத்த முனை, அடுத்த படம். இதைக் கேலி செய்வது சுலபம். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் அதைப் போதுமான அளவுக்குச் செய்துமிருக்கிறோம். ஆனால் அந்தத் தடுப்புக்கம்பி அந்த இடத்துக்கு எப்படி வந்தது, அதே இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டால், கேலி செய்கிற நம்முடைய ரசனையும் அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்கிறது என்பது தெரிய வரும். இயற்கை ரசனைக்குச் சரித்திரம் உண்டு. அதில் தேதிகளும் கருவிகளும் விலாசங்களும் இருக்கின்றன.

நம்மில் ஆங்கில இலக்கியத்தைப் பட்டப் படிப்பாகப் படித்தவர்களுக்கு இந்தச் சரித்திரம் பாதி தெரிந்த விஷயம். டாஃபடில் பூவைக் கண்ணால் கண்டிராமல் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். மீதிப் பாதியைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

2

1769 அக்டோபரில் தாமஸ் கிரே என்ற கவிஞர் வட இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் பிரயாணம் செய்தார். கூட வருவதாக இருந்த நண்பர் உடல்நலக் குறைவால் வர முடியாமற்போக, அவருக்காகக் கடிதங்களாகவே பிரயாணத்தை எழுதினார். அவை 1775-ல் அச்சாயின. கிரேயின் கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. குவிந்த பரப்பும் கறுத்த சாயமும் கொண்ட கையடக்கமான கண்ணாடி. பர்ஸ் மாதிரி மடித்து வைத்துக்கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டின் நிலக்காட்சி ஓவியர் க்ளோட் லொரேனின் பெயரால் அதை அழைத்தார்கள். காரணம், அதில் தெரிகிற எந்தக் காட்சியும் அவருடைய ஓவியம் போலத் தெரியும். குவிந்த பரப்பு மலையைச் சுருக்கிச் சட்டத்துக்குள் கொண்டுவரும். கறுத்த சாயம் நிறங்களின் முரட்டுத்தனத்தைத் தணித்து ஒரே மெருகின் கீழ் கொண்டுவரும்.

அதை உபயோகிக்கும் முறைதான் விசேஷம். கண்ணாடியில் ஏரி தெரிய வேண்டுமானால் ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மைல் கணக்கில் குதிரையிலும் வண்டியிலும் வந்து, கரையை அடைந்ததும் திரும்பி நின்றுகொண்டு, உள்ளங்கையில் ஏரியைப் பார்த்தார்கள். கிரே ஒருமுறை கண்ணாடியைத் திறந்து கையில் பிடித்தபடியே சேற்றுச் சந்தில் மல்லாந்து விழுந்து கைமுட்டியைக் காயப்படுத்திக்கொண்டார். அப்படியும் சூரியாஸ்தமனத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய ஆர்வம் போலியானதில்லை. உண்மையான ஆர்வம்தான் இப்படியொரு கருவியைத் தேடியது.

1778-ல் தாமஸ் வெஸ்ட் என்பவர் ஏரிகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். ஏசு சபைப் பாதிரியார். உள்ளூர்ப் பழமைகளை ஆராய்ந்தவர். நூல் வந்த மறு வருஷமே இறந்துபோனார். நூல் பல பதிப்புகள் கண்டது. அவருடைய கண்டுபிடிப்பு ‘நிலையம்’. எந்த ஏரியை எந்த மேட்டில், எந்தப் பாறையருகே நின்று பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொடுத்தார். கண்ணாடியை எடுத்துப்போகும்படியும் சிபாரிசு செய்தார். 1783 முதல் பீட்டர் க்ராஸ்த்வைட் என்பவர் வெளியிட்ட ஏரிப் படங்களில் வெஸ்டின் நிலையங்கள் வரைபடத்தின் புள்ளிகளாகவே ஆகிவிட்டன. காட்சி முனை பிறந்தது இப்படித்தான். வழிகாட்டி நூல் முதலில், பலகை பிறகு, தடுப்புக்கம்பி அதற்கும் பிறகு.

1793-ல் பிரான்சுடன் தொடங்கிய யுத்தம் ஐரோப்பியப் பிரயாணத்தை அடைத்துவிட, இத்தாலிக்கும் ஆல்ப்ஸுக்கும் போயிருக்க வேண்டிய கனவான்கள் வடக்கே திரும்பினார்கள். வியாபாரம் பெருகியது. அல்ஸ்வாட்டர் ஏரியில் படகில் பித்தளைப் பீரங்கி வைத்து, காசு வாங்கிக்கொண்டு வெடித்து, மலைகளிலிருந்து எதிரொலி கேட்கச் செய்தார்கள். விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில், வெஸ்ட் குறித்துக்கொடுத்த இடத்தில், 1790களில் ஒரு கட்டடமே எழும்பியது. கிளைஃப் நிலையம் என்று அதற்குப் பெயர். அதன் மாடி ஜன்னல்களில் நிறக் கண்ணாடிகள். மஞ்சள் வழியே பார்த்தால் ஏரியில் கோடைக்காலம், ஆரஞ்சு வழியே இலையுதிர் காலம், வெளிர் நீலத்தில் பனிக்காலம், கருநீலத்தில் நிலா. ஒரு வருஷம் முழுவதையும் ஒரு மத்தியானத்தில் பார்த்துவிட்டுப் போகலாம். கட்டடம் இடிபாடாகக் கிடந்து, 2015-ல் செப்பனிடப்பட்டு, இன்று மறுபடியும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.

இந்த ரசனைக்குச் சித்தாந்தம் எழுதியவர் வில்லியம் கில்பின். 1772-ல் ஏரிகளைச் சுற்றியவர். 1786-ல் புத்தகம் போட்டார். ஓவியத்துக்கு உகந்த இயற்கையே பார்க்கத் தகுந்தது என்பது அவர் கட்சி. அதில் ஓர் இடம் நம் கவனத்துக்குரியது. ஒழுக்க நோக்கில் உழைக்கிற மனிதன் நமக்கு மகிழ்ச்சி தரலாம், ஆனால் காட்சியில் சும்மா திரிகிற குடியானவனே பொருந்துகிறான் என்று அவர் வெளிப்படையாக எழுதுகிறார். மீன் பிடிப்பவன் வலையில்லாமல் கரையில் சாய்ந்திருந்தால் அழகு. வேலை செய்தால் காட்சி கெடுகிறது. நம் காலண்டர் ஏரிகளில் ஏன் ஆள் இல்லை, இருந்தாலும் ஏன் ஒரு படகின் நிழலாக மட்டும் இருக்கிறான் என்பதற்கான பதில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

3

1833 அக்டோபரில், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் என்ற ஆங்கிலேயர் மனைவியோடு தங்கியிருந்தார். கணிதம், தாவர இயல், புராதன மொழிகள் எல்லாம் அறிந்தவர். ஏரியை வரைய ஆசைப்பட்டார். வரையத் தெரியாது. அதற்காக ‘காமிரா லூஸிடா’ என்ற கருவியை வைத்திருந்தார். வாலஸ்டன் என்ற விஞ்ஞானி அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. ஒரு பட்டகத்தின் வழியே பார்த்தால் எதிரே உள்ள காட்சி காகிதத்தின் மேல் விழுந்திருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். பென்சிலால் அதன்மேல் ஓட்டினால் போதும் என்பது ஏற்பாடு. டால்பாட் பட்டகத்திலிருந்து கண்ணை எடுத்தபோது காகிதத்தில் எஞ்சியிருந்தவை பரிதாபமான கோடுகள்.

அந்தத் தோல்வியில்தான் யோசனை வந்தது. கருவிக்குள் விழுகிற பிம்பம் தானாகவே காகிதத்தில் பதிந்து தங்கிவிட்டால் என்ன? ஊர் திரும்பி, 1834 தொடக்கத்திலிருந்து உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய காகிதங்களோடு சோதனை செய்தார். 1835 ஆகஸ்டில் தன் வீட்டு ஜன்னலை ஒரு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதத்தில் பதித்தார். 1839 ஜனவரியில் பிரான்ஸில் டாகேரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதும் இவரும் தன்னுடையதை அவசரமாக வெளியிட்டார். கோமோ ஏரிக்கரை விஷயத்தை அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

ஏரியைப் படமெடுக்க காமிரா வந்தது என்று நாம் நினைக்கிறோம். எதிர்த்திசையில் சொல்வதே சரித்திரத்துக்கு நெருக்கமானது. ஏரியைக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை முதலில் வந்தது. கறுத்த கண்ணாடி, நிற ஜன்னல், பட்டகம் என்று அந்த ஆசை ஒவ்வொரு கருவியாக முயன்று பார்த்துக் கடைசியில் காமிராவில் வந்து நின்றது. இன்று தடுப்புக்கம்பியருகே ஒருவர் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, தன் முகத்துக்குப் பின்னால் ஏரி தெரியும்படி படமெடுக்கும்போது, இது நம் காலத்தின் சீரழிவு என்று பத்திரிகைகள் வருந்துகின்றன. 250 வருஷங்களுக்கு முன் கிரே நின்றதும் அந்தத் திசையில்தான். வித்தியாசம் ஒன்று உண்டு. கிரேயின் கண்ணாடியில் ஏரி நடுவில் இருந்தது.

4

வேர்ட்ஸ்வர்த் இந்த நிலையப் பார்வைக்கு எதிரானவர் என்பது பாடப்புத்தக உண்மை. அவரும் இளமையில் அதற்கு ஆட்பட்டிருந்ததை, மரணத்துக்குப் பின் 1850-ல் வெளியான சுயசரிதைக் காவியத்தில் சொல்லியிருக்கிறார். மற்றப் புலன்களின்மேல் கண் செலுத்தும் சர்வாதிகாரம் என்ற பொருளில். ஆனால் நிலையத்துக்கு மாற்று எது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி அவருடைய தங்கை டாரதி.

1802 ஏப்ரல் 15-ம் தேதி இருவரும் அல்ஸ்வாட்டர் கரையோரமாக நடந்து போகிறார்கள். டாரதியின் நாட்குறிப்பில் காற்று இருக்கிறது. மூச்சை அடைக்கும் காற்று. முதலில் நீரோரமாகச் சில பூக்கள். நடக்க நடக்க இன்னும் சில. பிறகு மரங்களுக்குக் கீழே கரை நெடுகப் பூக்கள். அந்தப் பட்டையின் அகலத்தை ஒரு சாலையின் அகலத்தோடு ஒப்பிட்டு அளவு சொல்கிறாள். அப்புறம் மழை, ஈர உடை, சத்திரம், பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும், கொடுத்த பணம் ஏழு ஷில்லிங் உட்பட எல்லாம் அதே பதிவில் வருகின்றன. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த ஏழு ஷில்லிங்கின் மேல் ஒரு தனி மரியாதை. அது அந்தப் பூக்களை நம்பும்படி செய்கிறது. இரண்டு வருஷம் கழித்து அண்ணன் எழுதி 1807-ல் வெளியிட்ட கவிதையில் நடந்தவர் ஒருவர்தான். தங்கை இல்லை, சத்திரம் இல்லை, மழை இல்லை. காட்சி ஒரே வீச்சில் கிடைக்கிறது. கவிதை பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு நிலையம் ஒளிந்திருக்கிறது என்றே சொல்வேன். டாரதியிடம் நிலையமே இல்லை. அவள் நடக்கிறாள், ஏரி மாறிக்கொண்டே இருக்கிறது. நாட்குறிப்பின் பகுதிகள் விரிவாக அச்சானது 1897-ல்தான். அதற்குள் கவிதை உலகெங்கும் பாடமாகிவிட்டது.

வேர்ட்ஸ்வர்த்தே ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். 1810-ல் வேறொருவரின் படத்தொகுப்புக்குப் பெயரில்லாத முன்னுரையாக வெளிவந்து, 1835-க்குள் ஐந்து பதிப்புகள் கண்டது. கண்ணும் மனமும் உள்ள ஒவ்வொருவருக்கும் உரிமையுள்ள தேசிய சொத்து என்று ஏரிப் பிரதேசத்தைப் பற்றி அவர் அதில் சொன்ன கருத்துதான் பிற்காலத்துத் தேசியப் பூங்காக்களின் விதை என்பார்கள். சரிதான். ஆனால் 1844-ல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை போடப் போகிறார்கள் என்றதும் அதே வேர்ட்ஸ்வர்த் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். ரயில் வந்தால் லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகள் கும்பலாக வருவார்கள். இயற்கையை ரசிக்கும் பயிற்சி படிப்படியாக வருவது, ரயிலில் ஏற்றி இறக்கினால் வராது என்பது வாதம். ஒவ்வொருவருக்கும் என்பதில் யார் யார் அடக்கம் என்ற கேள்வி வந்தபோது கவி வாசலை மூடப் பார்த்தார். 1847-ல் ரயில் வந்தது. ரயில் நின்ற கிராமத்தின் பழைய பெயர் போய் ஏரியின் பெயரே ஊருக்கும் ஆயிற்று.

ரயிலை எதிர்த்ததற்காக அவரை நிராகரிப்பது எனக்குச் சம்மதமில்லை. கூட்டம் ஏரியைக் கெடுக்கும் என்ற பயம் பொய்யாகவில்லை. விண்டர்மியரில் சமீப வருஷங்களின் கோடைகளில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து, கழிவுநீர் விஷயம் பெரிய சர்ச்சையாகியிருக்கிறது. பயம் நியாயமானது. யாரைப் பார்த்துப் பயந்தார் என்பதில்தான் அவருடைய வர்க்கம் தெரிகிறது.

5

காட்சியைக் காப்பாற்ற வேண்டும் என்ற இயக்கமும் ஓர் ஏரியில்தான் தொடங்கியது. மான்செஸ்டர் நகரத்துக்குக் குடிநீர் வேண்டியிருந்தது. தர்ல்மியர் ஏரியை அணை கட்டி உயர்த்தி நீர் கொண்டுபோகத் திட்டம். ரஸ்கின் முதலானோர் எதிர்த்தார்கள். 1879-ல் பார்லிமெண்ட் அனுமதி கொடுத்தது. 1894-ல் சுமார் 96 மைல் தூரம் ஓடி நீர் மான்செஸ்டரை அடைந்தது. கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. ஏரியைப் பார்க்க விரும்பியவர்களுக்கும் ஏரியைக் குடிக்க வேண்டியவர்களுக்கும் நடந்த வழக்கு என்று இதைச் சொல்லலாம். குடிக்க வேண்டியவர்கள் ஜெயித்தார்கள். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஆலைக் குடியிருப்பில் நல்ல தண்ணீர் இல்லாமல் ஒரு குழந்தை வாந்திபேதியில் சாகும்போது நிலையங்களின் அழகைப் பேச முடியாது. மூழ்கிப்போன வீட்டுக்காரரிடம் நகரத்தின் தாகத்தையும் பேச முடியாது.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தப் போராட்டங்களில் அனுபவப்பட்ட ராபர்ட் ஹண்டர், ஆக்டேவியா ஹில், பாதிரியார் ரான்ஸ்லி ஆகிய மூவர் 1895-ல் நேஷனல் டிரஸ்டை ஆரம்பித்தார்கள். 1902-ல் டார்வெண்ட்வாட்டர் கரையில் பிராண்டல்ஹோ என்ற நிலத்தைப் பொதுமக்களிடம் வசூல் செய்த பணத்தில் வாங்கி எல்லோருக்குமாகத் திறந்துவிட்டார்கள். சில்லறைத் தொகைகள் அனுப்பியவர்களில் தொழில் நகரங்களின் தொழிலாளிகளும் இருந்தார்கள். வேர்ட்ஸ்வர்த்தின் 1844 கடிதங்களுக்கு அவர்கள் எழுதிய பதில் அது. 1951-ல் ஏரிப் பிரதேசம் தேசியப் பூங்காவாயிற்று; 2017-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காட்சி முனை என்பது வெறும் பாவனையாக முடிந்துவிடாமல் ஒரு பொது உரிமையாகவும் மாறியிருக்கிறது. நம் கேலி இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

6

நம் விஷயத்துக்கு வரலாம். தமிழில் ஏரி என்பது பார்க்கிற பொருளாக இருந்ததில்லை. அதைச் சுற்றியுள்ள சொற்களைப் பாருங்கள்: கரை, மதகு, மடை, கலிங்கு, ஆயக்கட்டு. எல்லாம் வேலைச் சொற்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், முதல் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு குழுவைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் விதிகள் இருக்கின்றன. உடனே புளகாங்கிதம் அடைய வேண்டாம். அது பிராமணர் சபை. நிலமும் வீடும் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் ஓலையில் பெயர். ஒவ்வொருவருக்கும் என்பதில் யார் அடக்கம் என்ற கேள்வி இங்கேயும் இருந்தது. ஆனாலும் ஏரியோடு நமக்கிருந்த உறவு தூரத்துப் பார்வையின் உறவாக இருக்கவில்லை. திணை மரபும் அப்படித்தான். நிலத்தைச் சொன்னதும் உணவு, பறை, தொழில் எல்லாவற்றையும் கருப்பொருளில் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. கில்பின் காட்சியிலிருந்து நீக்கிய தொழிலை நம் இலக்கணம் நிலத்தின் இலட்சணமாகவே வைத்திருந்தது.

பார்ப்பதற்கான ஏரியை நமக்குக் கொடுத்தவர்கள் கலெக்டர்கள். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் 1823 முதல் 1825-க்குள் உதகையில் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அது தோடர்களின் மேய்ச்சல் பூமி. மதுரைக் கலெக்டராயிருந்த வெரே லெவிஞ்ச் 1863-ல் கொடைக்கானலில் ஏரி அமைத்தார். 1872-ல் கோக்கர் என்ற அதிகாரி மலை விளிம்பில் நடைபாதை போட்டார். வெஸ்டின் நிலையம் தமிழ்நாட்டில் வந்து சேர்ந்தது. பாதிதான் இயற்கை, மீதி செயற்கை என்று தெரியாமல், நம் குமாஸ்தாக்கள் பயணச் சலுகையில் குடும்பத்தோடு போய், கேர்ன்ஸ் போலிருக்கிறது, ஸ்விட்ஸர்லாந்து போலிருக்கிறது என்று மகிழ்ந்து, படமெடுத்துத் திரும்புகிறார்கள். ஸ்விட்ஸர்லாந்து போல இருக்க வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட இடம் அப்படித்தானே இருக்கும்.

கொடைக்கானலில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசக் கழிவு வெளியே வந்ததன் பேரில் 2001-ல் மூடப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் ஏரியின் மீனிலும் வண்டலிலும் பாதரசத்தைக் கண்டன. அந்த வருஷங்களில் எடுக்கப்பட்ட அத்தனை போட்டோக்களிலும் ஏரி அழகாகவே இருந்திருக்கும். நீருக்கடியில் இருப்பதைக் காட்சி முனையிலிருந்து பார்க்க முடியாது. அதைச் சொன்னவர்கள் கையில் பாதரசம் பட்ட தொழிலாளிகளும், அவர்களுக்காக ஓடியாடியவர்களும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் நம் கவிதை. சமீபகாலத் தமிழ்க் கவிதையில் ஏரியும் மலையும் நிறைய வருகின்றன. பெரும்பாலும் ஒரு விளிம்பில் தனியாக நின்று பார்க்கப்பட்டவையாக வருகின்றன. ஆள் இல்லை, தொழில் இல்லை, கூட நடந்துவந்தவர் இல்லை, செலவான பணம் இல்லை. நிற ஜன்னல் மட்டும் இருக்கிறது. மௌனம் என்று ஒரு நிறம், தனிமை என்று ஒரு நிறம். நிலையத்தை விட்டு விலகச் சொல்வது என் நோக்கமில்லை. நிலையம் இல்லாத பார்வை யாருக்கும் சாத்தியமில்லை. தான் நிற்கிற இடம் எது, அதை யார் அமைத்தார்கள், அங்கிருந்து எது தெரியாது என்பது எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு தடுப்பை விட்டு இறங்கி, கரையோரமாக மதகுவரை நடந்துபோய், அங்கே வேலை செய்கிறவனிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். அவன் சொல்வது கவிதையாக இல்லாமல் போகலாம். ஏரியைப் பற்றி அதில் ஏதாவது இருக்கும்.